எம்டனும் வலது கையும்

செப்டம்பர் 1

பெட்டியைத் திறந்துவிட்டேன். எம்டன், சென்னையைச் சுட்ட அந்த ஜெர்மன் போர்க்கப்பலின் மாடல், 1/350 அளவு. ஆறு வருடமாக அலமாரி மேலேயே இருந்தது. கண்ணாடி மாற்றியதும் கட்டலாம், நல்ல கம்ப்ரெசர் வாங்கியதும் கட்டலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ளக் கூடாது. ஸ்ப்ரூக்களை, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை, சோப்புத் தண்ணீரில் கழுவித் துண்டில் பரப்பியிருக்கிறேன். அச்சுப் பிசுக்கு போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது.

24ஆம் தேதி, காலை 11 மணி.

செப்டம்பர் 2

நடுக்கத்தைக் கவனித்து எழுதி வரச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். எந்தக் கை, எவ்வளவு நேரம், சும்மா இருக்கும்போதா அல்லது எதையாவது பிடித்திருக்கும்போதா.

சரி. வலது கை. நிப்பரால் ஹல்லை (கப்பலின் உடலை) வெட்டி எடுத்தபோது இல்லை. விளக்கத்தாளைப் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது கட்டைவிரல் மட்டும். இரண்டு நிமிடம் இருக்கலாம்.

செப்டம்பர் 3

ஹல்லின் இரண்டு பாதிகளையும் சேர்த்தாயிற்று. லிக்விட் சிமெண்ட் பசை மாதிரி ஒட்டாது, பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்கும். பிரஷ் நுனியால் விளிம்பில் தொட்டால் போதும், இடுக்கு தானே உறிஞ்சிக்கொண்டு ஓடும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அசல் கப்பல் 118 மீட்டர். என் மேசையில் 34 சென்டிமீட்டர் கூட இல்லை. ஒட்டிய கோடு மறைய 400, 800, 1200 என்று உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரம். கை கல் மாதிரி நின்றது.

செப்டம்பர் 5

வெள்ளையா, சாம்பலா?

போருக்கு முன்னால் கிழக்காசியக் கடலில் இருந்த வரைக்கும் எம்டன் வெள்ளை. வெள்ளை உடல், மஞ்சள் கலந்த பழுப்பில் மேல்கட்டும் மூன்று புகைபோக்கிகளும். அந்த அழகுக்காகவே ‘கிழக்கின் அன்னம்’ என்றார்கள். 1914இல் போர் என்றதும் சாம்பல் பூசிவிட்டார்கள். சென்னையைச் சுட்டது சாம்பல் நிற எம்டன். அதனால் பெட்டி வாங்கிய நாளிலிருந்தே சாம்பல்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

சாம்பல் மன்னிக்கிற நிறம். கொஞ்சம் திட்டாக விழுந்தாலும் கடல் காற்றில் வெளுத்ததாக எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை அப்படியில்லை, தூசியைக் காட்டும், உப்புத்தாள் கீறலைக் காட்டும், கை எங்கே தயங்கியது என்பதைக் கூடக் காட்டும்.

அதற்காகவே வெள்ளை அடிக்கப் போகிறேன்.

செப்டம்பர் 6

இரண்டு தடவை. இரண்டும் சும்மா இருந்தபோது.

செப்டம்பர் 8

அக்காவுக்கு போன் செய்தேன். “அப்பாவுக்குக் கை எப்ப நடுங்கும்? ஞாபகம் இருக்கா?”

“இப்ப எதுக்குடா அது?”

“சும்மாதான்.”

“கையெழுத்து போடும்போதுதான். செக்குல பேனாவை வச்சதும் ஆரம்பிச்சிடும்.”

போனை வைத்ததும் உடம்பே லேசாகிவிட்டது. அப்பா மாதிரி என்றால் பயமில்லை. எண்பது வயது வரை தானே சவரம் செய்துகொண்டவர் அவர். அந்த உற்சாகத்தில் ப்ரைமர் அடித்து முடித்தேன்.

செப்டம்பர் 9

விட்டிருக்கலாம். அண்ணனிடமும் கேட்டேன். “கையெழுத்து போடும்போதா? இல்லையே. மடியில கையை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரே, அப்பதான். விரலுக்கு நடுவுல ஏதோ உருண்டையை உருட்டற மாதிரி.”

ஒரே அப்பா. ஒரே கை.

செப்டம்பர் 11

பத்து பீரங்கிகள். அசலில் குழல் வாய் 10.5 சென்டிமீட்டர், இந்த அளவில் 0.3 மில்லிமீட்டர். ஊசி முனையால் குத்தி, பின் வைஸ் டிரில்லை விரலால் உருட்டித் துளை போட்டேன். ஒன்பதில் சரியாக விழுந்தது. ஒன்று ட்வீசரிலிருந்து தெறித்துப் போய்விட்டது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து நிழலைத் தேடினால் கிடைத்துவிடும், எப்போதும் கிடைத்திருக்கிறது. இன்று கிடைக்கவில்லை.

ட்வீசரை அழுத்திப் பிடித்தால் யாருக்கும் தெறிக்கும். இதை அந்தக் கணக்கில் எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 12

எழுதிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் 14

வெள்ளை விழுந்துவிட்டது! ஆறு கோட், ஒவ்வொன்றும் புகை போல. முதல் மூன்று கோட் வரை அழுக்குச் சட்டை மாதிரி இருந்தது. அங்கேதான் பொறுமை போய் எல்லோரும் ஒரேயடியாக அடித்து வழியவிடுவார்கள். நான் விடவில்லை. இருபது நிமிட இடைவெளி, அப்புறம் அடுத்த கோட். ஆறாவது காய்ந்ததும் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். அன்னம்தான்.

ஏர்பிரஷ் பிடித்திருந்த இரண்டு மணி நேரமும் ஒரு அசைவு இல்லை. இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை செய்யும்போது நடுங்கினால் ஒரு பெயர், சும்மா இருக்கும்போது நடுங்கினால் வேறு பெயர். இரண்டையும் இங்கே எழுதுவதாக இல்லை.

செப்டம்பர் 15

அன்றைக்கு அங்கே காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார்கள், நடுவிலிருந்து வெளியே. தினமும் விளக்கத்தாளின் ஓரத்தில் ஒன்று வரைகிறேன். இன்றைய சுருள் நேற்றையதைவிடச் சின்னது. இடம் இல்லாததால் சின்னதாக வரைந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 17

கைப்பிடிக் கம்பிகள். பித்தளைத் தகட்டை அரித்து எடுத்தவை. ஒரு மீட்டர் உயரக் கம்பி இங்கே மூன்று மில்லிமீட்டர் கூட வராது. சூப்பர் க்ளூவை ஊசிக் காதில் தொட்டு வைக்க வேண்டும். பிழைத்தால் பெயிண்டோடு பிய்ந்து வரும்.

இரண்டு மணிக்கட்டையும் மேசையில் அழுத்தி, சுண்டுவிரல்களை ஒன்றோடொன்று முட்டவைத்து, மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னால் தொட வேண்டும். முன்பக்கம் முழுக்க அப்படித்தான் போனது. பின்பக்கம், இடது ஓரம், கடைசித் துண்டு. பசையோடு காத்திருந்தேன். தொடவே இல்லை, காத்திருந்தேன், அவ்வளவுதான். கம்பி வெள்ளையில் உரசிவிட்டது. ஒரு அங்குல நீளத்துக்குக் கீறல்.

காத்திருப்பது எந்தக் கணக்கு? சும்மா இருப்பதா, வேலையா?

செப்டம்பர் 18

தொடவில்லை.

செப்டம்பர் 20

கீறலைத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்தேன். தேடினால் தெரியும்.

இன்று ரிக்கிங்குக்கு, அதாவது பாய்மரக் கயிறுகளுக்கு, ஸ்ப்ரூ இழுத்தேன். மெழுகுவத்திச் சுடருக்கு மேலே ஸ்ப்ரூவை உருட்டிக்கொண்டே பிடித்து, பளபளத்துத் தொய்யும்போது வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் முடியைவிட மெலிசாக வரும். இருபதில் ஏழு தேறியது. ஏழும் அருமை. சிறுவனாக இருந்தபோது முதன்முதலில் கற்றுக்கொண்ட வித்தை இதுதான். இது போகாது.

செப்டம்பர் 22

1914இல் இதே தேதி, இதே ராத்திரி. சென்னைக் கடலுக்கு முன்னால் வந்து நின்று, விளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். அரை மணி நேரத்தில் இருட்டில் கரைந்துவிட்டது. அந்த அரை மணி நேரம் தமிழுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. பாட்டி என்னை “எம்டன், எம்டன்” என்று திட்டியபோது அது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு 48 நாள். சரியாக ஒரு மண்டலம். பினாங்கில் மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நாலாவது புகைபோக்கியை நிமிர்த்தி, பிரிட்டிஷ் கப்பல் போல உள்ளே போனது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் மாட்டிக்கொண்டது. அதன் பீரங்கி ஆறு அங்குலம், தூரம் போகும். இனித் தப்ப முடியாது என்றானதும் கேப்டன் முல்லர் கப்பலை மூழ்கவிடாமல் பவளப்பாறையில் ஏற்றினார். அந்த முடிவை எடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று தடவை. கடைசியாக வந்தது இதை எழுதும்போது. பேனா பிடித்திருந்தபோது! பிடித்திருந்தபோதுதான், நன்றாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 23

ஐந்து இழைகள் முடிந்தன. ஆறாவது முன் பாய்மரத்திலிருந்து பின் பாய்மரத்துக்குப் போவது, இருப்பதிலேயே நீளம். ஒரு முனையை ஒட்டினால் மறுமுனை சரிந்தது. நாலு தடவை.

இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, அந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கட்டுமா?”

முப்பது வருடத்தில் ஒரு கப்பலிலும் யாரையும் கை வைக்க விட்டதில்லை. ட்வீசரைக் கொடுத்தேன். அவள் மூச்சு விடாமல் பிடித்திருந்தாள். நான் ஒட்டினேன். இழை கொஞ்சம் தொய்வாக இருக்கிறது. ஊதுபத்திக் கங்கை அருகே காட்டினால் தானே விறைத்துக்கொள்ளும், ஆனால் பசை நன்றாகக் காய வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் கிளம்ப வேண்டும். எட்டு மணிக்குக் காய்ந்திருக்கும்.