பேனலுக்குள் பேனல், அதற்குள் டெக்ஸ்ட்பாக்ஸ்

விண்டோஸ் ஃபார்ம்ஸில் (மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் திரைகளை உருவாக்கும் கருவித்தொகுப்பு) எழுதிய பில்லிங், ஸ்டாக் மென்பொருள்கள் இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிக்க வருகிறவர் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் 'கிளியர்' பட்டன். ஃபார்ம் என்கிற திரையில் இருக்கும் பெட்டி, பட்டன் போன்ற கண்ட்ரோல்களின் பட்டியலான 'கண்ட்ரோல்ஸ்' தொகுப்பில், ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஒரு ஃபார்ஈச் லூப் போட்டு, எழுதும் பெட்டிகளான டெக்ஸ்ட்பாக்ஸ் எல்லாவற்றையும் காலி செய்யச் சொல்வார். ஃபார்மில் நேராக வைத்த பெட்டிகள் காலியாகும். டேப் பக்கத்துக்குள், குரூப்பாக்ஸில் (சட்டமிட்ட குழு) இருப்பவை அப்படியே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் குழப்பம் கூடும்.

'கண்ட்ரோல்ஸ்' நேரடிப் பிள்ளைகளை மட்டுமே தரும், பேரப்பிள்ளைகளைத் தராது. ஒரு வகையை மட்டும் வடிகட்டும் 'ஆஃப்டைப்' சேர்த்தாலும் அதே ஒரு மட்டம்தான். ஃபார்மிலிருந்து டேப்கண்ட்ரோல், டேப்பேஜ், குரூப்பாக்ஸ், டெக்ஸ்ட்பாக்ஸ் என்று நான்கு படி இறங்க வேண்டும். நடுவில் திரையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்கண்டெய்னர் வந்தால் அதுவும் அதன் பேனலும் சேர்ந்து இன்னும் இரண்டு படி.

பெயர் தெரிந்தால் வழி எளிது. டாட்நெட் 2.0 முதல் இருக்கும் 'கண்ட்ரோல்ஸ்.ஃபைண்ட்' இரண்டு மதிப்புகளை வாங்கும்: பெயர், உள்ளே இறங்கித் தேட வேண்டுமா என்பது. இரண்டாவதற்கு 'ட்ரூ' கொடுத்தால்தான் ஆழத்துக்குப் போகும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. திருப்பித் தருவது ஒரு கண்ட்ரோலை அல்ல, ஒரு அர்ரேயை (வரிசைப் பட்டியல்). பலர் யோசிக்காமல் பூஜ்ஜியமாவது உறுப்பை எடுத்துவிடுகிறார்கள். பெயர் கிடைக்காத அன்று 'இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று நிரல் நின்றுவிடும். ஒரே யூசர்கண்ட்ரோலை (பல கண்ட்ரோல்களைச் சேர்த்து நாமே செய்த தொகுதி) ஒரு ஃபார்மில் இரண்டு முறை வைத்திருந்தால் அதே பெயரில் இரண்டு பெட்டிகள் வரும். அப்போது ஃபார்மிலிருந்து தேடாமல், அந்தக் குறிப்பிட்ட யூசர்கண்ட்ரோலிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.

தேடுவது 'நேம்' பண்பை வைத்து. டிசைனரில் இழுத்துப் போட்டவற்றுக்கு அது தானாகவே நிரம்பும். ஓடும்போது 'நியூ' போட்டு உருவாக்கியவற்றுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கண்முன் இருக்கும் பெட்டியும் கிடைக்காது.

வகையை வைத்துத் தேட, தன்னையே அழைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும்: ஒவ்வொரு பிள்ளையையும் தந்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கும் அதே ஃபங்ஷனை அழைப்பது. எழுதுவது சுலபம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எண்ணை ஏற்றி இறக்கும் நியூமெரிக்அப்டவுனுக்குள் இருக்கும் எண் பெட்டியும் டெக்ஸ்ட்பாக்ஸின் வழிவந்ததுதான். எல்லா மட்டமும் இறங்கி டெக்ஸ்ட்பாக்ஸ்களைக் காலி செய்தால் இதுவும் காலியாகும். ஆனால் 'வேல்யூ' பண்பில் பழைய எண் அப்படியே இருக்கும். திரையில் அளவு வெறுமையாகத் தெரிய, சேமிக்கும்போது முந்தைய பில்லின் அளவு டேட்டாபேஸில் ஏறும். கணக்கில் புகுந்துவிட்ட இந்த வகைப் பிழையைப் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆகவே நியூமெரிக்அப்டவுன் வந்தால் அதற்குள் இறங்காமல், அதன் 'வேல்யூ'வையே மாற்ற வேண்டும்.

டூல்ஸ்ட்ரிப் பட்டன்களும் மெனு வரிகளும் எவ்வளவு இறங்கினாலும் சிக்கமாட்டா. அவை 'கண்ட்ரோல்' வகையே அல்ல. டூல்ஸ்ட்ரிப்பின் 'ஐட்டம்ஸ்' தொகுப்பில் இருப்பவை. அந்தத் தொகுப்புக்குத் தனியாக ஒரு 'ஃபைண்ட்' உண்டு.

வேகத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சில நூறு கண்ட்ரோல்களை ஒருமுறை சுற்றிவர நேரமே ஆகாது. அதையே 'டெக்ஸ்ட்சேஞ்ச்டு' நிகழ்வில் வைத்து ஒவ்வொரு எழுத்துக்கும் சுற்றவிடுவதுதான் தவறு. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பெட்டிகளை ஓடும்போது உருவாக்குகிறீர்கள் என்றால், உருவாக்கும் இடத்திலேயே ஒரு டிக்ஷனரியில் (பெயரைக் கொடுத்தால் பொருளைத் தரும் அட்டவணை) போட்டுவிடுங்கள். பெயரோடு எண்ணை ஒட்டித் திரும்பத் திரும்பத் தேடும் நிரலைவிட அது எவ்வளவோ மேல்.

டபிள்யூபிஎஃப்-இல் (டாட்நெட்டின் இன்னொரு திரைக் கருவித்தொகுப்பு) கதை வேறு. அங்கே நாம் எழுதிய அமைப்பைக் காட்டும் லாஜிக்கல் மரம், திரையில் வரையப்படுபவற்றைக் காட்டும் விஷுவல் மரம் என்று இரண்டு இருக்கின்றன. பெயர்களுக்கும் தனித்தனி எல்லை உண்டு. விண்டோவில் 'ஃபைண்ட்நேம்' அழைத்தால் டெம்ப்ளேட்டுக்குள் (தோற்றத்தை வரையறுக்கும் அச்சு) இருக்கும் பெயர் கிடைக்காது, 'நல்'தான் (ஒன்றுமில்லை) வரும். கண்ட்ரோலின் தோற்றத்துக்கான கண்ட்ரோல்டெம்ப்ளேட் என்றால் 'அப்ளைடெம்ப்ளேட்' நடந்த பிறகு அந்த டெம்ப்ளேட்டின் 'ஃபைண்ட்நேம்' மூலம் கேட்க வேண்டும். டேட்டாவின் தோற்றத்துக்கான டேட்டாடெம்ப்ளேட் என்றால் 'விஷுவல்ட்ரீஹெல்ப்பர்' கொண்டு விஷுவல் மரத்தில் இறங்கி, முதலில் அந்த டேட்டாவைக் காட்டும் கண்டென்ட்பிரசென்டரைப் பிடித்து, அதை வைத்து டெம்ப்ளேட்டின் 'ஃபைண்ட்நேம்' மூலம் கேட்க வேண்டும்.

லிஸ்ட்பாக்ஸில் இன்னொரு சிக்கல். திரைக்கு வெளியே இருக்கும் வரிசைகளுக்குப் பொதுவாகக் கண்ட்ரோலே உருவாகியிருக்காது. வரிசையின் கண்ட்ரோலைக் கேட்கும் 'கண்டெய்னர்ஃப்ரம்ஐட்டம்' நல் தரும். 'ஸ்க்ரோல்இன்டுவியூ'வும் அடுத்து 'அப்டேட்லேஅவுட்'டும் அழைத்தால் கிடைக்கும். ஆனால் வரிசைக்குள் இருக்கும் பெட்டியில் எழுதுவதற்காக மட்டும் இவ்வளவு செய்வது வீண். பைண்டிங் (டேட்டாவையும் திரையையும் இணைப்பது) போட்டு டேட்டாவை மாற்றினால் திரை தானாக மாறும். ஃபோகஸ் வைப்பது, உருட்டுவது போன்ற தேவைகளுக்கு மட்டும் இந்தத் தேடலை வைத்துக்கொள்ளலாம்.

வலது கிளிக்கில் வரும் கான்டெக்ஸ்ட்மெனு திறக்கும்போது தனி விஷுவல் மரத்தில் நிற்கிறது. மெனுவிலிருந்து அப்படியே பெற்றோரைத் தேடி ஏறினால் விண்டோவை எட்ட முடியாது. எந்த வரிசையில் வலது கிளிக் செய்தார்கள் என்று அறிய, மெனு எதன்மேல் திறந்தது என்று சொல்லும் 'பிளேஸ்மென்ட்டார்கெட்' பண்பை எடுத்து அங்கிருந்து ஏற வேண்டும்.