நல்லாத்தானே இருந்தார்

"அன்னிக்கு அப்பா நல்லா இருந்தாரா, சார்?" என்று பெரியவரின் மகள் வங்கிக்கு வந்து என்னிடம் கேட்டார். "ரொம்ப நல்லாத்தானே இருந்தார்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அந்த பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பதினைந்து நாள் முன்பு பெரியவர் தனியாக வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 76 வயது. "மக என் பணத்தை எடுக்கிறா, ஏடிஎம் கார்டை நிறுத்துங்க." கவுண்டரிலேயே நின்று கடிதம் எழுதினார். ஓர் ஒற்றுப்பிழை இல்லை. கையெழுத்தும் மாதிரிக் கையெழுத்தோடு அச்சாகப் பொருந்தியது. நிறுத்திவிட்டேன். கணக்கு அவருடையது. பென்ஷனைப் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? விதிப்படி நான் செய்தது சரி.

மகள் சொன்ன கதை வேறு. சித்திரை வரைக்கும் கரண்ட் பில்லை அவரே போய்க் கட்டியிருக்கிறார். அப்புறம் திடீரென்று பாஸ்புக்கை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைப்பது, ஒளித்ததை மறந்துவிட்டு "நீதான் எடுத்தே" என்பது. மகள் முதல் கவளம் சாப்பிட்டுக் காட்டினால்தான் தட்டில் கை வைப்பாராம். சோடியம், பி12, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வயதானவர் திடீரென்று மாறினால் முதலில் உடம்பில்தான் காரணம் தேடுவார்களாம். மறதி நோய் இப்படி 'களவு போச்சு' என்றும் ஆரம்பிக்கும் என்றாராம் டாக்டர். தலை ஸ்கேனுக்குப் பணம் எடுக்கப் போனபோதுதான் கார்டு வேலை செய்யவில்லை.

"பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிட்டா போதுமா?" என்று கேட்டார். கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் பவர் செல்லாது, நாமினிக்கு உரிமை அவர் காலத்துக்கு அப்புறம்தான், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் காப்பாளர் நியமிக்க ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவைதான் வரும், முதுமை மறதி வராது, உயர் நீதிமன்றம்தான் போகணும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். விதியைச் சொல்ல எனக்கு நாக்கு தடுமாறியதே இல்லை.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அன்றைக்குக் கையெழுத்துப் போடும் முன் பெரியவர் மேலே இருந்த கேமராவைக் காட்டி, "மெதுவாப் பேசுங்க, அதுல அவ பாத்துக்கிட்டிருக்கா" என்றார். நான் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினேன். ஆசிரியர்கள் இப்படி ஏதாவது வேடிக்கையாகப் பேசுவார்கள் என்று நினைத்தேனா, பின்னால் வரிசை நீள்கிறதே என்று நினைத்தேனா, தெரியவில்லை. அதைச் சொன்னால், பிறகு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருப்பார். நான் என்ன டாக்டரா? ஆனால் என் பதிலைக் கேட்டதும் மகள், "அப்போ என்கிட்ட மட்டும்தான் அப்படி இருக்காரா?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஸ்கேன் பில்லைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு இருவரும் வந்தார்கள். மகள் கவுண்டர் பக்கம் வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டார். பெரியவர் விரலை வைத்துவிட்டு, பணத்தை இரண்டு முறை எண்ணி உள்பையில் வைத்தார். பிறகு கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுத்த மாசமும் நீங்கதானே இருப்பீங்க?" என்று கிசுகிசுத்தார்.

"நான்தான் சார்" என்றேன். என் குரலும் தாழ்ந்துதான் வந்தது.