சிண்ட்ரெல்லாவின் அக்காள் நொண்டுகிறாள்: தேவதைக் கதை ஆல்பம், நான்காவது மாதம்

எட்டுப் பாட்டு என்று தொடங்கினேன். நான்கு மாதம் ஓடிவிட்டது, கையில் இருப்பவை நான்கரை. அந்த அரைப் பாட்டின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த தேவதைக் கதைகளை, கதைக்கு ஒரு பாட்டாக, ஒரே ஆல்பத்தில் கோக்க வேண்டும் என்பது ஆசை. முதல் மாதம் எழுதிய மூன்றையும் அழித்துவிட்டேன். பல்லவியில் ‘ஒரு ஊரில் ஒரு பெண்’, மூன்றாவது சரணத்தில் கல்யாணம். பாடப் புத்தகத்துக்கு ராகம் போட்டதுபோல் இருந்தது. கேட்பவருக்குத்தான் கதை தெரியுமே! அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு பாட்டுக்கு ஒரு கணம். முன்னே நடந்ததும் பின்னே நடப்பதும் பாட்டுக்குள் வரக் கூடாது.

கணத்தைத் தேடிப் பழைய பதிப்புகளைப் புரட்டினேன். சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு, 1697-இல் வெளியான பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் பதிப்பில் வருவது. ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களிடம் அது பொற்செருப்பு. மாற்றாந்தாயின் மகள்களில் மூத்தவள் காலில் அது நுழையாததால் தாய் கத்தியைக் கொடுத்து, கட்டைவிரலை வெட்டிக்கொள், அரசியான பிறகு நடக்க வேண்டியதே இல்லை என்கிறாள். எனக்குப் பாட்டு அங்கேதான் கிடைத்தது. சிண்ட்ரெல்லாவுக்கு இல்லை, அந்த மூத்தவளுக்கு.

தாளம் எதுவென்று பிடிபடவில்லை. ஒரு நாள் செருப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து பார்த்தேன். வலிக்கிற கால் பட்டதும் எடுத்துக்கொள்கிறது. நல்ல கால் நின்று தாங்குகிறது. தக தகிட, தக தகிட. ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு! கால் வீங்கியதுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். கதையில் அவள் இளவரசனோடு போகும் வழியில் புறாக்கள் செருப்பில் ரத்தம் என்று காட்டிக்கொடுக்கும் இடத்தில் ‘செருப்பில் ரத்தம்’ என்ற சொற்கள் அந்த நடைக்குள் உட்கார மறுத்தன. ஒரு வாரம் கழித்து ‘பார் குருதி’ வந்தது. பார் இரண்டு மாத்திரை, குருதி மூன்று. புறா குறுகுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் பாட்டு வெறும் கேள்வி பதில். பெரோவின் கதையில் அவளைக் காப்பாற்ற யாரும் வருவதில்லை. ஓநாய் விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். ‘பாட்டி, உன் கை ஏன் இவ்வளவு பெரியது’ என்று தொடங்கி கை, கால், காது, கண், கடைசியில் பல். ஓநாயின் குரலுக்குச் சுருதியை மென்பொருளில் இறக்கிப் பார்த்தேன், கேலிச்சித்திரம் ஆனது. பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் மைக்கை நோக்கி நகர்ந்தேன். முதல் பதிலுக்கு ஒரு கை நீளத் தூரம், கடைசிக்கு நான்கு விரற்கடை. முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக்கில் வாய் நெருங்க நெருங்க அடித்தொனி தானாகவே கனக்கும். யாரோ படுக்கை மேல் குனிவதுபோல் இருந்தது. தமிழ் இங்கே ஓர் உபகாரமும் செய்தது: முதல் நான்கும் ககரம், கடைசி மட்டும் பகரம். அவ்வளவு அருகில் ‘ப’ சொன்னால் காற்று மைக்கில் வெடிக்கும். வழக்கமாக அதை நீக்குவார்கள். நான் விட்டுவைத்தேன்.

தவளை இளவரசன் இரண்டே மாலைகளில் முடிந்தது. கிரிம் கதையில் முத்தம் கிடையாது, இளவரசி தவளையைச் சுவரில் வீசி அடிக்கிறாள். சுவர் பாடுகிறது. இன்னும் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கடற்கன்னிதான் படுத்தினாள். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட கதையில் சூனியக்காரி அவள் நாக்கை அறுத்துவிடுகிறாள். நாக்கில்லாதவள் எப்படிப் பாடுவது? இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லின் நடுவே குரலை வெட்டிவிட்டு, மீதி மெட்டைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்தேன். அக்காவுக்கு அனுப்பினேன். “பைல் பாதியில் கெட்டிருக்கிறது, மறுபடி அனுப்பு” என்று பதில் வந்தது. பதிவில் வெட்டி எறிந்திருந்த மூச்சொலிகளைத் தேடியெடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒட்டினேன். பாடப் போகிறவள்போல் மூச்சை இழுக்கிறாள், வருவது குழல். இரண்டாவது முறை அக்கா பைலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அரைப் பாட்டு ஸ்நோ ஒயிட்டுடையது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவளுக்கு நீலாம்பரி ராகத்தில் தாலாட்டு, மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. அதுவரை சிரமமில்லை. கிரிம் கதையில் அவளை எழுப்புவதும் முத்தமில்லை. பெட்டியைச் சுமப்பவர்கள் புதரில் இடற, தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே விழுகிறது. ஆகவே தாளம் இடற வேண்டும். ஓர் அட்சரத்தைத் தூக்கினால் நான் தாளம் தவறியதாகக் கேட்கிறது. இரண்டைத் தூக்கினால் எடிட்டிங் கோளாறு. நேற்று பதினேழாவது முயற்சி. இடறலுக்கு முந்தைய அடியில், சுமப்பவன் ஒருவன் ‘பார்த்து’ என்று முணுமுணுப்பதைச் சேர்த்தேன். இடறல் இப்போது இடறலாகவே கேட்கிறது. ஆனால் அவள் அந்த ‘பார்த்து’வுக்கே விழித்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. இன்றிரவு அதை இன்னும் தள்ளி நின்று, சுவரைப் பார்த்தபடி சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும்.