இருக்கிறதை எழுது

"உன்னைப் பொய் எழுதச் சொல்லலையேம்மா. இருக்கிறதை எழுது, போதும்."

அண்ணன் சொன்னது இவ்வளவுதான். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. 2023 நவம்பரில் அங்கன்வாடி வாசல்படியில் உட்கார்ந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒன்பது படிவம் 7-ஐ, வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கேட்கும் படிவங்களை, என் கையில் கொடுத்தார். நான் அங்கன்வாடி டீச்சர். இந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் பி.எல்.ஓ.வும் நான்தான். கட்சி முகவர் அப்போது ஒரு நாளில் பத்துப் படிவம் வரை மொத்தமாகக் கொடுக்கலாம். அந்த விதி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பதும் எதிர்த் தெருப் பெயர்கள். ஒன்பதும் உண்மை.

அந்த உண்மைதான் இன்றுவரை உறுத்துகிறது. பொய்யாக இருந்திருந்தால் முடியாது என்று சொல்லி, ஒரு மாதம் பேசாமல் இருந்து, அப்புறம் பொங்கலுக்கு அண்ணி வந்து அழைக்க, சரியாகிப் போயிருக்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை அடையாற்றுக் கரையில் இடித்த வீடுகளின் ஆட்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். வேலை மட்டும் இங்கேயே. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமான பிறகு, விடிவதற்குள் கிளம்பி வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டும்போது திரும்புகிறார்கள். சட்டப்படி ஓட்டு எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான். வேலை செய்யும் இடத்துக்கு ஓட்டு இல்லை.

அந்த ஆகஸ்டில் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தபோது, இடம் மாறியவர்கள் என்று இவர்களை நானே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எதிர்த் தெருவிலும் எழுதவில்லை, எங்கள் தெருவிலும் எழுதவில்லை. பி.எல்.ஓ. வேலையில் அது பிழை, தெரியும். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்த பிழை. வீடு போனவர்களிடமிருந்து பெயரையும் எடுக்க மனசு வரவில்லை.

படிவங்களைப் புரட்டிவிட்டு, "நம்ம தெருவுல போனவங்க?" என்று கேட்டேன். அண்ணியின் அம்மாவே பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறார். அது அண்ணனுக்குத் தெரியாதா?

"அதை அவங்க கட்சிக்காரன் குடுக்கட்டும். அதுக்குத்தானே அவனுக்கும் முகவர் கார்டு இருக்கு."

அந்தக் கட்சிக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருக்குப் பதிலாக இன்னொருவரை யாரும் போடவில்லை. அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் அநியாயம். அப்பா போனபோது நான் ஏழாவது. அவர் பத்தாவதோடு நிறுத்திவிட்டு மீன் வண்டி தள்ளி என்னைப் படிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்துக்குக் கூட்டிப் போவார். ஒரு மனிதருக்கு ஒரு ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நான் முதலில் கேட்டது பள்ளியில் இல்லை, அண்ணன் வாயால். அரசியலில் சமம் வந்துவிட்டது, சோற்றிலும் தெருவிலும் இன்னும் வரவில்லை என்று அவர் விளக்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இந்த வேலை வந்தபோது மற்ற டீச்சர்கள் கூடுதல் சுமை என்று புலம்பினார்கள். நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையே அவர் கொடுத்ததுதான்.

அவர் மாறிவிட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. எதிர்த் தெருவில் சாதிச் சங்கக்காரர்கள் ஓட்டுக்குப் பணம் கொடுத்துத்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதை உடைக்காமல் எங்களுக்குக் குழாயும் வராது, பட்டாவும் வராது என்று மனதார நம்புகிறார். நானும் பாதி நம்புகிறேன். கட்சியில் வாக்குச்சாவடி வாரியாக, பாகம் பாகமாக லீடு பார்ப்பார்கள். எங்கள் பாகத்தில் ஒன்பது ஓட்டு சின்ன எண் இல்லை.

ஒன்பது பேரையும் விசாரித்து, 'இங்கே குடியிருக்கவில்லை' என்று எழுதினேன். நோட்டீஸ் கொண்டுபோவதும் நான்தான். பட்டியலில் உள்ள கதவு எண்ணுக்குப் போனால் அங்கே இப்போது சுற்றுச்சுவர்.

அவர்களில் ஒரு அக்காவை மட்டும் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, நான் வேலைக்குப் போன நேரத்தில் கஞ்சி ஊட்டியவர். படிவம் 8 கொடுத்தால் ஓட்டு பெரும்பாக்கத்துக்கு மாறிவிடும், எதுவும் இழப்பில்லை என்று விளக்கினேன். நாடாளுமன்றத்துக்கு சைதாப்பேட்டையும் பெரும்பாக்கம் இருக்கும் சோழிங்கநல்லூரும் தென்சென்னைத் தொகுதிக்குள்தான், எங்கே போட்டாலும் ஒரே கணக்கில்தான் சேரும் என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே ஆறுதலாக இருந்தது.

அவர் கேட்டுவிட்டு, "அங்க எத்தனையோ லட்சம் பேர்ல நான் ஒருத்தி டீச்சர். இங்க ஓட்டு இருக்கிறதாலதான் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் எவனாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான்" என்றார். பஸ் வந்துவிட்டது. யார் படிவம் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சோழிங்கநல்லூரில் 2021 தேர்தலில் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். மாநிலத்திலேயே பெரிய தொகுதி. சட்டமன்றத்துக்கு அங்கே ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு என்றால் எடை ஒன்றா? அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை.

நான் விதியை மீறவில்லை. ஒன்பது விசாரணையும் நேர்மையானவை. யார் வந்து கேட்டாலும் பதிவேட்டைக் காட்டுவேன். எங்கள் தெருவின் பெயர்களுக்குப் படிவம் வரவில்லை, வராததற்கு நான் பொறுப்பில்லை. இதை அப்படியே மேலதிகாரியிடம் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

ஆனால் என் கையிலும் பேனா இருந்தது. ஆகஸ்டில் எழுதாமல் விட்டதை நவம்பரில் இரண்டு தெருவுக்கும் சேர்த்து எழுதியிருக்கலாம். அண்ணியின் அம்மாவோடு சேர்த்து எங்கள் தெருவில் ஏழு பேர். ஒரு சனிக்கிழமை இரவு ஒரு தாளில் ஏழு பெயரையும் எழுதிக்கூட வைத்தேன். அந்த ஏழு பேருக்கும் இதே ஊர் வேண்டும், இதே கஷ்டம், அவர்களையும் எடுப்பதால் அக்காவுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று தோன்றியது. சரியான வாதம்தான். அது சரியா, அண்ணன் முகம் கண்முன் வந்ததால் சரியாகத் தோன்றியதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளியாளாக இருந்த பி.எல்.ஓ. என்றால் பதினாறையும் எழுதியிருப்பார். இல்லை, ஒன்பதை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் அதன் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அது எனக்கு உதவியிருக்கும். எதற்கு நன்றி, இருக்கிறதைத்தானே எழுதினேன் என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

2024 ஏப்ரல் 19 காலை, வாக்குச்சாவடிக்கு வெளியே உதவி மேசையில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு அண்ணியின் அம்மா வியர்த்துக் களைத்து வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சீட்டு வரவில்லை என்றார். பட்டியலைத் திறந்து, விரலால் வரி வரியாகத் தேடி, வரிசை எண்ணை எழுதிக் கொடுத்தேன்.