தெருவாகச் சேர்ந்து சோலார் போட்ட அனுபவம்

கடலூரில் கோண்டூர் பக்கம் எங்கள் தெருவில் 14 வீடுகள் சேர்ந்து ஒரே விலை பேசி, ஒரே நிபந்தனைகளோடு மொட்டை மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். விண்ணப்பம் வீட்டுக்கு வீடு தனித்தனி. மானியமும் அவரவர் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. ஆனால் விலை பேசியது, என்ன தரத்தில் பொருள் வேண்டும் என்று முடிவு செய்தது, வேலையைச் சரிபார்த்தது எல்லாம் தெருவாக. நான் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மற்ற நகர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த யோசனைக்கு விதை போட்டது என் அக்கா மகள். அவள் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கரண்ட் பில்லில் இரண்டு வரி தனித்தனியாக இருக்கும். கம்பி, கம்பம், மீட்டர் இதற்கெல்லாம் பழைய மின் நிறுவனத்துக்கு ஒரு தொகை; மின்சாரத்துக்கு நகராட்சியே நடத்தும் அமைப்புக்கு ஒரு தொகை. கம்பி மாறவில்லை, கரண்ட்டை மொத்தமாக வாங்குபவர் மட்டும் மாறிவிட்டார். அமெரிக்காவில் இதற்கு முதலில் வழி விட்டது மாசசூசெட்ஸ் மாநிலம், 1997-ல். கலிபோர்னியாவில் 2000-01 மின் நெருக்கடிக்குப் பிறகு 2002-ல் சட்டம் வந்தது. மாரின் கவுண்டியில் 2010-ல் முதல் அமைப்பு சப்ளையைத் தொடங்கியது. அப்புறம் ஊர் ஊராகப் பரவி, சான் ஹோசேயில் 2019-ல் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அங்கே ஊர் முடிவெடுத்தால் எல்லா வீடும் தானாகவே சேர்ந்துவிடும். வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

நம் ஊரில் வீட்டுக்காரர்கள் அப்படிக் கரண்ட்டை வேறிடத்தில் வாங்க முடியாது. கம்பியும் மின் வாரியத்துடையது, கரண்ட்டும் மின் வாரியத்துடையது. ஆனாலும் ஊர் சேர்ந்து மின்சாரத்தில் கை வைத்த முன்னோடி தமிழ்நாட்டிலேயே உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, கரண்ட்டை வாரியத்துக்கு விற்றது. ஒரு ஊராட்சியே அதைச் செய்திருக்கும்போது, ஒரு தெரு சேர்ந்து சோலாருக்கு விலை பேச முடியாதா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன்.

முதல் வேலையாக எல்லோரையும் ஒரு வருட ஈ.பி. பில்லைக் கொண்டு வரச் சொன்னோம். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. நாங்கள் கணக்குப் போட்டபோது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு அதற்கு மேலும் சலுகை விலை இருந்தது. 500-ஐத் தாண்டினால் கணக்கே வேறு. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, 1000-க்கு மேல் 11 ரூபாய் 80 காசு. ஏசி ஓடும் வீடுகள் கோடையில் மாட்டிக்கொள்வது இங்கேதான். 3 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே பில் 800, 900 யூனிட் வரும் வீட்டுக்கு நல்ல லாபம். 250 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு இது தேவையே இல்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு நாங்களே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

மானியக் கணக்கு எளிது. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000 ரூபாய் என்று அரசு ஒரு அடிப்படை விலை வைத்து, முதல் இரண்டில் 60 சதவீதமும் மூன்றாவதில் 40 சதவீதமும் மானியமாகத் தருகிறது. அதாவது 3 கிலோவாட்டுக்கு அரசு போட்ட விலை 1,45,000. இந்த ஒரு எண்தான் பேரம் பேசும்போது எங்கள் கையில் இருந்த பெரிய பிடி. சோலார் போட்டுத் தரும் ஏஜென்சிகள் முதலில் சொன்ன விலை அதைவிட வெகு தூரத்தில் இருந்தது. பேனலைத் தாங்கும் உயரமான இரும்புச் சட்டத்துக்கும் (ஸ்ட்ரக்சர்) நல்ல கம்பிக்கும் கூடுதல் ஆகும் என்பது நியாயம்தான். ஆனால் எதற்கு எவ்வளவு கூடுதல் என்று பிரித்து எழுதித் தரச் சொன்னோம். தனி வீட்டுக்காரர் கேட்டால் “அதெல்லாம் பேக்கேஜ் சார்” என்று முடித்துவிடுவார்கள். 14 வீட்டு வேலை என்றதும் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு ஏஜென்சி மற்றவர்களைவிட நல்ல வித்தியாசத்தில் குறைத்துச் சொன்னது. பேனல் விவரத்தைக் கேட்டதும் விஷயம் தெரிந்தது. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள். அவர்கள் போட்டிருந்தது அது இல்லை. அந்த விலைக்கு ஆசைப்பட்டிருந்தால் 78,000 ரூபாய் போயிருக்கும். ஆகவே கொட்டேஷன் கேட்கும்போதே டி.சி.ஆர். என்று எழுத்தில் வாங்குங்கள். பேனல் வந்து இறங்கியபோது எங்கள் தெரு கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒவ்வொரு பேனலின் பின்பக்கம் இருக்கும் சீரியல் நம்பரைப் படிக்கப் படிக்க, நான் பட்டியலில் டிக் அடித்தேன். ஏஜென்சி ஆட்கள் பொறுமையாக நின்றார்கள்.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது காகித வேலை. அதிலும் பெயர். ஈ.பி. கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பிக்க முடியும். மானியம் வரும் வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பல கனெக்‌ஷன்கள் காலமானவர்கள் பெயரில் இருந்தன. வீட்டு வரி மாறியிருக்கும், பத்திரம் மாறியிருக்கும், ஈ.பி. கார்டு மட்டும் அப்படியே கிடக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்தால்தான் பெயர் மாறும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் அந்தக் கடிதம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கார்டு காலமான கணவர் பெயரில் இருந்தது. “அவரு பேரு இருக்கறது இது ஒண்ணுதான் டீச்சர். அதையும் மாத்தணுமா?” என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள், “அம்மா, அவர் பேரு உங்க பேருக்குப் பின்னாடிதான் வரும், கார்டுல பாருங்க” என்று விண்ணப்பத்தைக் காட்டினேன். கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இந்த மாதிரி வேலைக்குப் பக்கத்து வீட்டு ஆள் வேண்டும். ஏஜென்சியோ இணையதளமோ இதைச் செய்யாது. அமெரிக்காவில் எல்லோரும் தானாகச் சேர்ந்துவிடுவதால் ஊரே ஒரே நாளில் மாறுகிறது. இங்கே ஒவ்வொரு வாசல்படியாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அது மெதுவான வழிதான். ஆனால் எங்கள் தெருவில் யாரும் தெரியாமல் சேரவில்லை.

பெயர் சரியாக இருந்தால் மற்றது சிக்கல் இல்லை. 2024-ல் திருத்திய மத்திய விதிப்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்றுக்கொள்ள வேண்டும். மின் வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆபீஸில் எங்களை நன்றாகவே நடத்தினார்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் வரும் வீடுகள் என்பதால் பட்டியலாகக் கொடுத்தது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

இனி ஸ்ட்ரக்சர். கடலூர்க்காரர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட காற்றில் மாடியில் ஆறடி உயரத்தில் நிற்கும் பேனல் ஒரு பாய்மரம் மாதிரிதான். ஆனால் உயரமாக வைக்காவிட்டால் மாடி போய்விடும். 3 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். துணி, வடாம், மிளகாய் எல்லாம் எங்கே காயப்போடுவது என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசியில், ஆள் குனியாமல் நடக்கும் உயரம், அதற்கு ஏற்றபடி தடிமனான கால்கள், குறுக்கே எக்ஸ் வடிவில் தாங்கு கம்பிகள், காற்று வேகக் கணக்குக்கு ஒரு கட்டடப் பொறியாளரின் கையெழுத்து என்று முடிவானது.

கால்களை நிறுத்தத் தளத்தில் துளை போட ஏஜென்சி கேட்டது. மாடியில் பதித்திருக்கும் ஓடுகளைத் துளைத்தால் மழைக்காலத்தில் ஒழுகும் என்று மறுத்தோம். பழைய தூண்களின் மேல் வரும் இடங்களில் மட்டும் துளை, மற்ற இடங்களில் கான்கிரீட் பீடம் என்று பேசி முடித்தோம். அடுத்தது உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்குத் தூரமில்லை. சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்தால் சில வருடத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. கம்பி, துருப்பிடிக்காத எஃகு போல்ட், உப்புக்காற்றுச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 சான்றிதழ் உள்ள பேனல் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். வந்த போல்ட்டுகளில் ஒரு மூட்டை சாதாரண போல்ட். அதைத் திருப்பி அனுப்பினோம், நாலு நாளில் சரியானது வந்தது. ஒரே ஒரு வீடு மட்டும் கேட்டிருந்தால் அது அப்படியே ஏறியிருக்கும்.

கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்த ஒரு விஷயம்: சாதாரண சோலார், கரண்ட் போனால் வேலை செய்யாது. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். வெயில் சுட்டெரித்தாலும் சரி. புயல் நேரத்துக்கு உதவும் என்று எண்ணியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். பேட்டரியோடு வரும் ஹைபிரிட் வகைக்கு விலை அதிகம். இரண்டு வீடுகள் மட்டும் அதைப் போட்டன. ஒன்றில் ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் நோயாளி.

வந்த யூனிட்டையும் போன யூனிட்டையும் தனித்தனியாக அளக்கும் நெட் மீட்டர் வைத்ததும் ஒரு வாரம் எல்லோரும் மீட்டர் முன்னாலேயே நின்றோம். உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட் என்று இரண்டு எண் மாறி மாறி வரும். ரீடிங் எடுக்க வருபவரோடு சேர்ந்து முதல் தடவை பார்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் பில்லில் சந்தேகம் வந்த வீடுகளுக்கு அந்தப் போட்டோதான் உதவியது. மானியம் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதில் சேர முடியாமல் போனவர்கள் வாடகைக்கு இருப்பவர்களும், தெருமுனை அடுக்குமாடியில் இருப்பவர்களும். மாடி அவர்களுடையது இல்லை. டெல்லியில் 2019-லிருந்தே வேறு இடத்தில் சேர்ந்து சோலார் போட்டு, அந்த யூனிட்டை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ள விதி இருக்கிறது. அதே வசதியை நம் வீடுகளுக்கும் கேட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். சங்கக் கட்டடத்தின் மாடியும் பள்ளிக்கூட மாடியும் சும்மா கிடக்கின்றன, அதில் வாடகைக்கு இருப்பவர்கள் பங்கு போட அனுமதியுங்கள் என்பதுதான் கோரிக்கை. சோலார் போட்ட 14 வீடுகளும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டன. இந்த வாரம் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடாக ஏறிக்கொண்டிருக்கிறோம்.