தேர்தல் பத்திரப் பட்டியலை நாங்களே பொருத்திப் பார்த்தோம்

எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று சாதாரண ஆட்கள் பார்க்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். கிருஷ்ணகிரியில் என் வீட்டுக் கணினியில், ஓசூரில் கணக்கு வேலை பார்க்கும் நண்பரோடு உட்கார்ந்து செய்து முடித்தோம்.

தேர்தல் பத்திரம் என்பது, ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர உதவிய பத்திரம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. கட்சிக்கு வரும் பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றது. பத்திர விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டும் கிடைக்கவில்லை. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியலில் வாங்கியவர்கள் தனி, கட்சிகள் தனி. இரண்டையும் இணைக்கும் பத்திர எண் இல்லை. நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகு, மார்ச் 21 அன்று எண்களோடு வந்தது. நீங்கள் இறக்க வேண்டியது அதைத்தான்.

இரண்டு பிடிஎஃப்களையும் எக்செலுக்கு மாற்றினோம். இங்கேதான் கவனம் வேண்டும். பத்திர எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் தப்பான பெயர் வரும். ஒரு கோடிப் பத்திரத்துக்கு ஓசி (OC), பத்து லட்சத்துக்கு டிஎல் (TL) என்று எண்ணுக்கு முன் எழுத்துகள் உண்டு. ஒரே எண் இரண்டு வகையிலும் இருக்கலாம். அதனால் எழுத்தையும் எண்ணையும் ஒரே கட்டத்தில் சேர்த்துவிட்டு, அப்புறம் ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் எக்செல் வசதியான வி-லுக்கப் (VLOOKUP) போட வேண்டும். முதல் வரியில் ஒரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரே கட்சியின் பெயர் வந்து நின்றபோது இருவருமே சற்று நேரம் பேசவில்லை. இத்தனை ஆண்டுகள் நம்மிடமிருந்து மறைத்தது இந்த ஒரு வரியைத்தான்!

எல்லாம் பொருந்தாது. வாங்கிய பட்டியலில் 18,871 பத்திரங்கள், கட்சிகள் பணமாக்கிய பட்டியலில் 20,421. இரண்டுமே 2019 ஏப்ரல் 12 முதல்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் வாங்கி, பின்னால் பணமாக்கியவற்றுக்கு வாங்கியவர் பெயர் கிடைக்காது. 2018 மார்ச் முதலான விவரத்தையும் கேட்டுப் போட்ட மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதில் எனக்கு உடன்பாடில்லை. உரிமை என்று சொன்ன பிறகு அந்த ஓராண்டை மட்டும் ஏன் விட வேண்டும்?

இப்போது பத்திரம் இல்லை. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் விவரம் கட்சிகளின் ஆண்டு நன்கொடை அறிக்கையில் இருக்கும். ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். கொடுத்தவர் இடத்தில் தேர்தல் அறக்கட்டளை (நிறுவனங்களிடம் பணம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் அமைப்பு) ஒன்றின் பெயர் இருந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்த அறக்கட்டளையின் அறிக்கையையும் திறந்தால்தான் பணம் போட்ட நிறுவனம் தெரியும்.