மாடித் தக்காளியும் குற்றாலச் சாரலும்

ஜூன் 14
புளியரைப் பக்கமிருந்து சாரல் இறங்கி நாலு நாளாச்சு. செங்கோட்டையில் எந்த வீட்டிலும் துணி காயவில்லை. மாடியில் ஒன்பது பை தக்காளி, அதில் ஒன்றில் அடியிலை இரண்டு மஞ்சள். தண்ணீர் கூடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 17
மஞ்சள் நாலு பைக்குப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, செடிக்குச் சத்து இல்ல, புளிச்ச மோர ஊத்து" என்றார். புனலூரில் இருக்கும் அக்கா போனில், மக்னீசியக் குறையாக இருக்கும், எப்சம் உப்பு (மக்னீசியம் உள்ள உப்பு) போடு என்றாள். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றித் தொலைத்தேன். இனி செடி தேறினாலும் வாடினாலும் எதனால் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 20
கண்ணாடி போட்டுக்கொண்டு ஓர் இலையைக் கிள்ளி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவே மிளகு அளவில் பழுப்புப் புள்ளி, அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாக, அறுத்த மரக்கட்டையில் தெரியுமே அதே மாதிரி. மக்னீசியக் குறை என்றால் நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் வெளிறும், இப்படி வளையம் விழாது. இது இலைக்கருகல், ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை. பழைய செடியின் மிச்சத்திலும் மண்ணிலும் கிடந்து, மழைத்துளி தெறிக்கும்போது அடியிலையில் ஏறிக்கொள்ளும், அதனால்தான் கீழிருந்து தொடங்குகிறது. போன வருஷத் தக்காளி மண்ணையே மறுபடி பையில் போட்டது யார்? நான்தான்.

சரி, ஒரு சாண் உயரம்வரை இலைகளைக் கத்தரித்துக் குப்பைக்கு அனுப்பினேன் (உரக்குழிக்கு அல்ல), மண்மேல் தெறிக்காமலிருக்க வைக்கோல் பரப்பினேன். தண்ணீர் இனி காலையில், தூரில் மட்டும்.

ஜூன் 23
ஏழாவது பை வேறு கதை. அடியிலை சுத்தமாக இருக்கிறது, நுனியிலைதான் சிறுத்து, சுருங்கி, மேல்பக்கம் சுருண்டு கிடக்கிறது. செடியை லேசாகத் தட்டினால் கோலமாவு பறந்த மாதிரி வெள்ளை ஈ எழும்புகிறது. இலைச்சுருட்டை வைரஸ், மருந்தே கிடையாது. பூ வேறு விட்டிருந்தது, அரைமணி நேரம் மனசு வரவில்லை. அப்புறம் ஈ பறந்து மற்ற செடிக்குப் போகாமல் பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடி, வேரோடு பிடுங்கினேன். மற்றதுக்கெல்லாம் சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். பழைய மஞ்சள் வாளி மூடியில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஜூன் 25
இரண்டாவது பையிலும் சுருட்டல்! பதறி ஓடிப் பார்த்தால், கீழ் இலைகள்தான் குழல் மாதிரி சுருண்டு தடித்திருக்கின்றன. பச்சை மாறவில்லை, கொழுந்து நன்றாக இருக்கிறது. பக்கக்கிளைகளை நான் மொத்தமாகக் கிள்ளியதும், சாரல் விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்ததும்தான் காரணமாக இருக்கும். ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 2
ஏழு பையில் புதிய இலை சுத்தம். ஒன்றில் மட்டும் புள்ளி நடுவரை ஏறியதால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து அடித்தேன். மஞ்சள் மூடியில் ஈ அப்பிக் கிடக்கிறது. முதல் காய் நெல்லிக்காய் அளவு.

ஆச்சி எட்டிப் பார்த்து, "பாத்தியா, மோரு வேல செஞ்சிருக்கு" என்றார். ஆமா ஆச்சி என்றேன்.